கடலோரத்து முதுமையும் பாராளுமன்றமும்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியில் தோட்டவெளி என்னும் சிற்றூர் இருக்கிறது. மணலும் பனையும் கடற்காற்றும் சேர்ந்து உருவாக்கிய ஊர். சரித்திரம் படித்தோர் இவ்வூரின் பெயரை 1544-ம் ஆண்டோடு சேர்த்து நினைப்பார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னார்த் தீவில் மடிந்த கிறிஸ்தவ மக்களின் நினைவாக இங்கே ஓர் ஆலயம் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவர்களையும் மறவாத ஊர் இது.

நாம் இக்கட்டுரையிற் பேச விரும்புவது இறந்தவர்களைப் பற்றியன்று. உயிரோடிருந்து, உழைத்து, பின்னர் உழைக்க முடியாத வயதை எட்டுகின்ற மக்களைப் பற்றியே. தோட்டவெளியிலும் அதைச் சூழ்ந்த கரையூர்களிலும் ‘தொழிலுக்குப் போதல்’ என்றால் கடலுக்குப் போதல் என்றே பொருள். அத்தொழிலில் ஓர் ஆயுளைக் கழித்த மனிதனின் கைகள் வலை இழுக்க மறுக்கும் நாளில், அவனுக்கு உலை வைப்பது யார்? மகன் என்பார்கள். மகனும் அதே கடலைத்தான் நம்பியிருக்கிறான். ஆகவே இது ஒரு குடும்பத்தின் உள்விவகாரமன்று. நாட்டின் விவகாரம், நாட்டின் சட்டங்களைச் செய்கின்ற பாராளுமன்றத்தின் விவகாரம்.

இந்தக் கேள்வியைப் பாராளுமன்றம் அறியாமல் இல்லை. 1990-ம் ஆண்டு அது கடற்றொழிலாளர்க்கென்றே ஒரு சட்டம் செய்தது. அவ்வாண்டின் 23-ம் இலக்கமுடைய கடற்றொழிலாளர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டச் சட்டம் அது. அந்தச் சட்டம் எத்தகைய வாழ்க்கையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது, அந்த வாழ்க்கை மன்னார்க் கரையில் அப்போது இருந்ததா என்பதை ஆராய்வதே நம் நோக்கம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் ‘பென்சன்’ என்ற சொல் கச்சேரியின் வாசல் வழியாகவே ஊருக்குள் வந்தது. 1898-ம் ஆண்டு அரசாங்க உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1901-ல் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு வெளிவந்தது. அன்று தொட்டு ‘பென்சன்காரர்’ என்போர் ஊரில் ஒரு தனி வகுப்பார் ஆயினர். காணியுறுதி போல், கல்யாணச் சந்தையில் மதிப்புள்ள ஒரு சொத்தாயிற்று பென்சன்.

அதே காலத்தில் மன்னார் வளைகுடாவில் நடந்ததைப் பாருங்கள். மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிய குளிப்பாளிகள் கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1905-ம் ஆண்டு முத்துக்குளிப்பில் அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது. மறு ஆண்டே அக்கடற்படுகைகளை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பனியிடம் ஒப்படைத்தார்கள். சிப்பியை எண்ணிக் கணக்கெழுதிய உத்தியோகத்தருக்கு முதுமையில் பென்சன் உண்டு. சிப்பியை எடுத்துவந்தவனுக்கு இல்லை. செல்வத்தைப் படைத்தவனுக்கன்று, செல்வத்தைக் கணக்கிட்டவனுக்கே பாதுகாப்பு என்ற இந்த நியதிதான் ஏகாதிபத்தியம் நமக்கு விட்டுச்சென்ற முதற் பாடம்.

அக்காலத்து உலகம் இவ்விஷயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய பிஸ்மார்க், ஜெர்மனியில் 1889-ல் முதுமைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்த வேண்டும். அரசாங்கமும் ஒரு தொகை சேர்க்கும். நியூசீலாந்து 1898-ல் வேறொரு வழியைத் தேர்ந்தது. சந்தா இல்லை, வறிய முதியவர்க்குப் பொதுப்பணத்திலிருந்தே ஓய்வூதியம். (ஆசிய இனத்தவர் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.) பிரித்தானியா 1908-ல் நியூசீலாந்தின் வழியைப் பின்பற்றி எழுபது வயதினருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தது.

ஆக, இரண்டு வழிகள் பிறந்தன. “நீ எவ்வளவு கட்டினாய்?” என்று கேட்பது ஒரு வழி. “உனக்கு என்ன தேவை?” என்று கேட்பது மற்றொரு வழி. இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னால் வரப்போகும் அனைத்தும் இதைச் சுற்றியே சுழல்கின்றன.

இலங்கையில் 1931-ம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தது. டொனமூர் அரசியல் திட்டத்தின்படி அமைந்த அரசாங்க சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன. சபையின் அங்கத்தவர் எவரும் ஏதாவதொரு குழுவில் அமர்ந்து, ஓர் இலாகாவின் அலுவல்களை உள்ளிருந்தே ஆராய இடமிருந்தது. அம்முறையில் குறைகள் பல. ஆயினும் சட்டத்தைச் சபையில் வாசித்து வாக்கெடுத்தால் கடமை முடிந்தது என்றிராமல், அதன் நிர்வாகத்தையும் மக்களின் பிரதிநிதிகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்னும் எண்ணம் அதிலே இருந்தது. 1947-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி வந்தபோது அந்த ஏற்பாடு போயிற்று.

வாக்குரிமை பெற்ற ஏழைக்குச் சபை என்ன கொடுத்தது? 1939-ம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி என்னும் மூன்று மாநகரங்களுக்கே உரியதாயிற்று. மன்னார்க் கரையின் ஏழை அச்சட்டத்தின் கண்ணில் படவில்லை. 1945-ல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நம்மில் எத்தனை பேர் அதன் பிள்ளைகள்! 1947-ல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1942-ல் வெளிவந்த பெவரிஜ் அறிக்கையின் காற்று இங்கும் வீசிய காலம் அது. மறு ஆண்டு சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது.

ஆனால் சுதந்திரம் வந்து ஆறு ஆண்டு ஆகுமுன் மக்கள் வேறொரு பாடத்தைப் படிக்க நேர்ந்தது. 1953-ம் ஆண்டு, நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆளுங்கட்சிக்குப் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. ஆகவே உள்ளே ஆட்சேபம் எடுபடவில்லை. ஆகஸ்ட் 12-ந் தேதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தாலில் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூடவேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சபைக்குள் ஆராயப்படாத ஒரு கொள்கையை மக்கள் வீதியில் ஆராய்ந்தார்கள். அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள். சமூகக் கொள்கை பற்றிய பாராளுமன்ற ஆராய்வு என்பது ஏதோ பண்டிதர் விவகாரம் என்று நினைப்போர் 1953-ஐ ஒருகால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த எழுச்சியின் அலையில் 1956-ல் ஆட்சி மாறிற்று. தொழில் மந்திரி டி. பி. இலங்கரத்ன காலத்தில், 1958-ம் ஆண்டின் 15-ம் இலக்கச் சட்டமாக ஊழியர் சேமலாப நிதி உருவாயிற்று. தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு நான்கு, முதலாளி நூற்றுக்கு ஆறு என்று தொடங்கி, இன்று முறையே எட்டும் பன்னிரண்டுமாக வளர்ந்திருக்கிறது. தனியார் துறைத் தொழிலாளி முதன்முறையாக வெறுங்கையோடு வீடு திரும்பாத நிலை வந்தது. அது தொழிலாளர் இயக்கம் ஈட்டிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வெற்றிக்கு ஓர் எல்லை இருந்தது. சட்டம் ‘முதலாளி’ என்றும் ‘ஊழியன்’ என்றும் இருவரைத் தேடியது. கரையில் அவ்விருவரைத் தேடிப் பாருங்கள்! கரைவலைக்குச் சம்மாட்டி உண்டு. வலை இழுப்போர் உண்டு. ஆனால் சம்பளச் சீட்டு இல்லை. பிடிபட்ட மீனில் பங்கு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சியதில் ஆளுக்கொரு பங்கு. மீன் படாத நாளில் பங்கும் இல்லை. உழைப்பைச் சுரண்டுவதற்குப் பங்குமுறை தடையாக இருந்ததில்லை. உழைத்தவனுக்குச் சேமலாபம் கிடைப்பதற்கு மட்டும் அது தடையாயிற்று. பங்குத் தொழிலாளி சட்டத்தின் பார்வையில் எவருக்கும் ஊழியன் அல்லன். கருவாடு காயவைக்கும் பெண்ணோ, நண்டு கழற்றும் பெண்ணோ அந்தப் பங்குக் கணக்கிலேயே பெரும்பாலும் இல்லை.

கடலை அரசாங்கம் கவனியாமல் விட்டது என்று சொல்ல முடியாது. 1940-ல் கடற்றொழிற் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அதற்கெனத் திணைக்களம் வந்தது. பின்னர் இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தன. அவற்றுக்குக் கடனும் வந்தது. கடற்றொழிலாளியின் படகை உற்பத்திச் சாதனமாகக் கண்ட அரசு, அவனையும் முதுமையடையும் மனிதனாகக் காண்பதற்கு மேலும் ஐம்பது ஆண்டு எடுத்தது.

1987-ம் ஆண்டு 12-ம் இலக்கச் சட்டத்தால் கமக்காரருக்கு ஓய்வூதியத் திட்டம் ஏற்பட்டது. அதன் அச்சிலேயே 1990-ல் கடற்றொழிலாளர் திட்டமும் வார்க்கப்பட்டது. வேளாண்மையைக் காக்கும் காப்புறுதிச் சபையே கடலோடியின் முதுமைக்கும் பொறுப்பாயிற்று. திட்டத்தின் உட்பொருள் எளிது. பதினெட்டு வயது தொடங்கி ஐம்பத்தொன்பது வயதுக்குள் விரும்பியவர் சேரலாம். சேரும் வயதுக்கேற்பச் சந்தா. அறுபது வயதில் மாதந்தோறும் ஒரு தொகை. இளமையில் சேர்ந்து நெடுங்காலம் செலுத்தியவர்க்குக் கூடுதல். பிந்திச் சேர்ந்தவர்க்குக் குறைவு.

வழி தெளிவாயிற்று. பிஸ்மார்க்கின் கேள்விதான் கேட்கப்பட்டது: “நீ எவ்வளவு கட்டினாய்?” அக்கேள்வியைக் கேட்பவன் மனத்தில் ஓர் அமைதியான வாழ்க்கை இருக்கிறது. இருந்த வீட்டிலேயே இருந்து, போன கடலுக்கே போய், ஆண்டுதோறும் ஒரு தொகையை எடுத்துவைத்து, முப்பது ஆண்டு கழித்துப் பலன் பெறும் வாழ்க்கை அது. இனி, அச்சட்டம் பிறந்த ஆண்டில் மன்னாரில் நடந்ததைப் பார்ப்போம்.

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. தலைமன்னார் இரயில் பாதை செயலற்றுப் போயிற்று. தீவின் மக்களில் ஒரு பகுதியினர் மடுவில் தஞ்சம் புகுந்தனர். இன்னொரு பகுதியினர் இரவோடிரவாக வள்ளமேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தோட்டவெளிக்கு அயலூராகிய எருக்கலம்பிட்டியின் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டுக் கடல்வழியே புத்தளம் பக்கம் போய்ச்சேர்ந்தனர். எஞ்சியோர்க்குக் கடல் திறந்த கடலாக இல்லை. பாஸ் இன்றிப் போகலாகாது, இரவில் போகலாகாது, குறித்த எல்லையைத் தாண்டலாகாது. இப்படி ஏறக்குறைய இருபது ஆண்டு.

ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம், பெயர் வேண்டாம். 1960-ல் இக்கரையில் பிறந்தவர். சட்டம் பிறந்தபோது அவருக்கு வயது முப்பது. சந்தா செலுத்தத் தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான வயது. அந்த ஆண்டே அவர் அகதி. திரும்பி வருகிறார், மீண்டும் இடம்பெயர்கிறார். யுத்தம் முடிந்த 2009-ல் அவருக்கு நாற்பத்தொன்பது. பின்னர் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் செல்லும் காலம். அறுபது வயது நிறைவது 2020-ல், ஊரடங்கின் ஆண்டு. 2022-ல் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டும் நிலைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. அவருடைய மகனின் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது.

இம்மனிதரிடம் “நீ எவ்வளவு கட்டினாய்?” என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? கட்டவேண்டிய ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. அவை அவரிடமிருந்து பறிக்கப்பட்டன.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். இவ்விதழைப் படிப்போரில் பலர் ஆசிரியர்கள். யுத்த காலத்திலும், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலுங்கூட, அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. இடம்பெயர்ந்த ஆசிரியர் இடம்பெயர்ந்த பள்ளியில் கையொப்பமிட்டார், சேவைக்காலம் அறுபடவில்லை. ஒரே முகாமில், ஒரே மரநிழலில், ஆசிரியரும் கடற்றொழிலாளியும் ஒரே பசியை அனுபவித்தார்கள். ஆனால் ஒருவருடைய அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் ஏறின. மற்றவருடையவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆசிரியருக்குக் கிடைத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை. அந்த உரிமை சாத்தியமானதே என்று அரசே நிரூபித்துவிட்டது என்கிறோம். அதைப் பக்கத்திலிருந்தவருக்கு மறுத்ததற்கு இனிச் சொல்லக்கூடிய சமாதானம் எது?

சட்டம் பிறந்தபின் அதைப் பாராளுமன்றம் பின்தொடர்ந்து கவனித்ததா? கமக்காரர் திட்டத்தின் கதை இதற்கு விடை தருகிறது. வாக்களித்த தொகைக்கும் வந்த சந்தாவுக்கும் பொருத்தமில்லை. பலன் பெறுவோர் பெருகினர், நிதி வற்றியது. 2012-ல் முதிய கமக்காரரின் ஓய்வூதியம் நின்றுபோயிற்று. 2014-ல்தான் திறைசேரிப் பணத்தின் துணையோடு மீண்டும் தொடங்கியது. ஒரு நிதி ஒரே நாளில் வற்றுவதில்லை. அதன் கணக்கு ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. பொதுக்கணக்குக் குழு 1921-லிருந்தும், பொது முயற்சிகள் பற்றிய குழு 1979-லிருந்தும் இருக்கின்றன. ஆயினும் வறட்சி வருமுன் கிணற்றை எட்டிப் பார்த்து நீர்மட்டத்தைச் சொல்ல வேண்டியவர்கள், கிணறு வற்றியபின் வாளியைப் பற்றி விவாதித்தார்கள்.

2011-ல் தனியார்துறை ஊழியருக்கு ஓய்வூதியம் என்ற பெயரில் ஒரு மசோதா வந்தது. பெயர் இனிமையானது. ஆனால் சில ஆண்டுகளே ஆலையில் உழைத்து வீடு திரும்பும் இளம்பெண்களுக்கு, நெடுங்காலச் சந்தாவை எதிர்பார்க்கும் திட்டத்தால் என்ன பயன் என்று சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் கேட்டார்கள். மே 30-ந் தேதி கட்டுநாயக்கவில் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. காயமடைந்த இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மசோதா கைவிடப்பட்டது. 1953-ன் பாடம் மறுபடி எழுதப்பட்டது. ‘எத்தனை ஆண்டு?’ என்ற கேள்வியே இங்கும் முள்ளாகக் குத்தியது. கட்டுநாயக்கவின் தையல் தொழிலாளிக்கும் மன்னாரின் கடற்றொழிலாளிக்கும் மொழி வேறு. அவர்களை வெளியே நிறுத்திய கதவு ஒன்றே.

2023-ம் ஆண்டு, வங்குரோத்தடைந்த அரசு தன் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்க முனைந்தது. ஜூன் 28-ந் தேதி மந்திரிசபை ஒப்புதல். ஜூலை 1-ந் தேதி சனிக்கிழமை பாராளுமன்றத்தில் 122-க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றம். ஊழியர் சேமலாப நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகள் நீண்டகாலக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றப்படவேண்டும். மாற்றாவிடின் நூற்றுக்கு 14 ஆக இருந்த வரி 30 ஆகும். அங்கத்தவர்க்கு ஒன்பது சதவீதத்துக்குக் குறையாத வட்டி கிடைக்கும் என்று உறுதி கூறப்பட்டது. ஆனால் வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கு இந்தச் சுமை இல்லை. இலட்சோபலட்சம் தொழிலாளரின் முதுமையைத் தொடும் முடிவுக்கு நாடு ஒதுக்கிய நேரம் நான்கு நாள். விலைவாசி ஏறும் நாட்டில் வட்டியைக் குறைப்பது, முதியவரின் தட்டிலிருந்து ஓசையின்றி ஒரு பிடி சோற்றை எடுப்பதாகும்.

நம் அரசியலமைப்பின் ஒரு விதியை இங்கே நினைவூட்ட வேண்டும். 1978-ம் ஆண்டு அரசியலமைப்பின்படி, நிறைவேறிய சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் பின்னர் கேள்விக்குள்ளாக்க முடியாது. மசோதா பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியபின் குறுகியதொரு கால எல்லைக்குள் பிரஜை உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். தவறினால் கதவு மூடிவிடும். கொழும்பிலுள்ள சட்டத்தரணிக்கே அந்தக் காலம் போதாது. தோட்டவெளியில் விடியற்காலையில் கரையேறும் மனிதருக்கு அந்தக் காலத்துக்குள் வர்த்தமானிப் பத்திரிகை கைக்கு வருமா? ஆகவே நம் நாட்டில் பாராளுமன்ற ஆராய்வு என்பது ஜனநாயகத்தின் அலங்காரமன்று. நிறைவேறிய சட்டத்தைத் திருத்தும் வாசல் அது ஒன்றே.

அந்த ஆராய்வு எதைக் கேட்க வேண்டும்? ஓய்வூதியம் பற்றிய எந்த மசோதாவிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதற்கு வெளியே நிற்பவர் யார்? இன்று வாக்களிக்கும் தொகை, அவர் அதைப் பெறும் நாளில் எத்தனை கொத்து அரிசி வாங்கும்? நிதியை வைத்திருப்பவரின் மேசையில் சந்தா செலுத்துபவருக்கு ஆசனம் உண்டா? 1990-ன் சட்டத்திடம் முதற் கேள்வியை முறையாகக் கேட்டிருந்தால், யுத்தத்தில் சிக்கிய கரைகள் தாமாகவே கண்ணில் பட்டிருக்கும். 1990-ல் கேட்காதிருந்தாலும் 2009-ல் கேட்டிருக்கலாம்.

பறிபோன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியுமா என்று சிலர் வினவுவார்கள். முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. பிஸ்மார்க்கின் சந்தா முறையைப் படைத்த ஜெர்மனியே, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், போர்க் கைதியாகக் கிடந்த காலத்தையும், ஊரைவிட்டு விரட்டப்பட்டு ஓடிய காலத்தையும் காப்புறுதி பெற்றோரின் ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1957-ல் ஓய்வூதியத்தை ஊதிய உயர்வோடு பிணைத்தது. சந்தாவை நம்பிய நாடே, சந்தா செலுத்த முடியாத காலம் என ஒன்று உண்டு என ஒப்புக்கொண்டது. மறுபக்கம், நம் கரைக்கு எதிர்க்கரையில், சென்னை ராஜ்யம் 1962-ம் ஆண்டிலேயே ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் இருபது ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. சிறு தொகைதான்; ஆனால் சந்தாப் புத்தகத்தைக் காட்டு என்று அது கேட்கவில்லை.

இலங்கையிலும் அந்த இரண்டாவது வழியின் ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. எழுபது வயதைக் கடந்த வறியோர்க்கு மாதம் 2,000 ரூபாயாக நெடுநாள் இருந்த உதவித்தொகை, 2025-ம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாய் வரை உயர்ந்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கடல் எழுபது வயது வரை எவரையும் காத்திருக்க விடுவதில்லை. உப்புநீரும் வெயிலும் முதுகையும் முழங்காலையும் கண்ணையும் அதற்கு வெகு முன்பே வாங்கிவிடுகின்றன. நாம் கற்பனை செய்த மனிதர் எழுபதை எட்டுவது 2030-ல். இடையிலுள்ள பத்தாண்டில் அவர் எதை உண்பார்?

ஆகவே நம் கோரிக்கை பெரிய தத்துவமன்று, கணக்கில் நேர்மை. அறுபது வயதடைந்த கடற்றொழிலாளிக்கும், கரையில் அவனோடு உழைத்த பெண்ணுக்கும், சந்தாவைச் சாராத ஓர் அடிப்படைத் தொகை வேண்டும். அத்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். சந்தாத் திட்டம் அதன்மேல் ஒரு மாடியாக இருக்கட்டும். ஆனால் இடம்பெயர்ந்த ஆண்டுகள், தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி, செலுத்திய ஆண்டுகளாகவே அதில் ஏறவேண்டும். அகதிப் பதிவும் முகாம் அட்டையும் பாஸ் புத்தகமும் அரசின் கையெழுத்தோடு வழங்கப்பட்டவை. மனிதர்களைக் கட்டுப்படுத்த உதவிய அதே தாள்கள், அவர்களுக்கு உரியதைக் கொடுக்கவும் உதவட்டும். பாராளுமன்றக் குழு கொழும்பிலேயே கூடாமல், ஆண்டுக்கொரு முறையேனும் மன்னார்க் கச்சேரியில் கூடிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வாக்குமூலத்தைக் கேட்கட்டும்.

இது நடக்குமா என்று கேட்பவருக்கு, கேளாமல் எதுவும் நடந்ததில்லை என்பதே சரித்திரம் கூறும் விடை. கொத்தரிசியின் விலையும், சேமலாப நிதியும், கைவிடப்பட்ட மசோதாவும் அதற்குச் சாட்சி. ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் வகுப்பறைக்கு வரும் கரையூர்ப் பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் உழைத்த ஆண்டுகளை, இழந்த ஆண்டுகளை, நாம் எழுதிவைக்கலாம். எந்த ஆண்டு எங்கே இருந்தார்கள், எந்த ஆண்டு கடல் மூடப்பட்டிருந்தது என்று ஊர் ஊராக ஒரு கணக்கு எழுதலாம். அரசாங்கம் எழுதாமல் விட்ட பேரேடு அது. பென்சன் பெறும் கைகள் அதை எழுதத் தொடங்குமானால், பென்சன் இல்லாத கைகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பங்காவது தீரும்.